சிறீ பரானந்தர் என்னும் சேர் பொன். இராமநாதன்: வாழ்வும் எழுத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 பெரியோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, கல்வியை இன்னும் முடிக்காத மாணவராகிய நாம் பேச முன்வந்தது துணிவினால் அன்று. சங்கத்தார் இட்ட பணியைத் தட்டலாகாது என்னும் அன்பினாலேயாம். குற்றங் காணிற் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு விடயத்துட் புகுகின்றோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டது ஓர் எழுத்தாளரின் கதை. அவர் பெயர் சிறீ பரானந்தர். இப்பெயரைக் கேட்டதும், "யார் இவர்? வடநாட்டுச் சாமியாரோ?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவர் அயலார் அல்லர். திருநெல்வேலியிலே பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வீதிக்குத் தம் பெயரைத் தந்திருப்பவர். மருதனார்மடத்திலே பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி கண்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். அரசியல்வாதியாகிய இராமநாதனை நாம் எல்லோரும் பாடப்புத்தகத்திற் படித்திருக்கின்றோம். மறைநூல்களின் உட்பொருளை உரைத்த எழுத்தாளராகிய பரானந்தரை அறிந்தவர் எம்மிடையே மிகச் சிலர்.

அவர் நூல்களை நாம் தேடிச் சென்றமைக்கு ஒரு காரணம் உண்டு. நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள். காலைக் கூட்டத்திலே சுவிசேஷத்தின் ஒரு பகுதியை வாசிப்பார்கள். தலை குனிந்து கேட்போம். பத்து ஆண்டுகள் கேட்டமையால் மத்தேயுவும் யோவானும் எமக்கு மனப்பாடம். மாலையிலே வீடு திரும்பிக் கால் முகம் கழுவி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்த் தேவாரம் பாடுவோம். இரண்டுக்கும் இடையில் எந்தச் சண்டையும் எமக்குத் தோன்றவில்லை. ஒருநாள், நாம் பாடசாலைச் சட்டையுடனேயே கோயில் வீதியில் நிற்கக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பி, காலையில அங்க, பின்னேரம் இங்க. நீ எந்தப் பக்கமடா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் எமக்கு விடை சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வி பல ஆண்டுகள் எமது நெஞ்சிலே முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. இக்கேள்விக்கு எமக்கு முன்னரே ஒருவர் விடை எழுதியிருக்கின்றார் என்பதை அறிந்தபோது உண்டான வியப்பே இச்சொற்பொழிவுக்கு வித்தாகும்.

முதலில் அவர் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம். இராமநாதன் அவர்கள் 1851ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கேற் முதலியார் பொன்னம்பலம். தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று, வழக்கறிஞரானார். தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் இறக்க, அவர் இருந்த சட்டநிரூபண சபை ஆசனம் இருபத்தெட்டு வயதே நிரம்பிய இராமநாதனுக்குக் கிடைத்தது. அவ்வேளையில் அவருக்காக யாழ்ப்பாணத்திலே முன்னின்று பேசியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள். 1892இல் அரசாங்கத்தின் சொலிசிற்றர் ஜெனரல் ஆனார். 1911இல் படித்த இலங்கையருக்கென வகுக்கப்பட்ட ஒரே ஆசனத்துக்குத் தேர்தலில் வென்றார். 1915ஆம் ஆண்டுக் கலகத்தை அடக்க ஆட்சியாளர் இராணுவச் சட்டத்தின்கீழ்ச் செய்த கொடுமைகளைக் கண்டித்துச் சபையிலே முழங்கினார். அடுத்த ஆண்டு அதுபற்றி இலண்டனிலே நூலொன்றும் வெளியிட்டார். 1930 நவம்பர் 26இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் சமாதி மருதனார்மடத்துக் கல்லூரி வளவிலேயே இருக்கின்றது.

இது வெளிவாழ்வு. இனி உள்வாழ்வைப் பார்ப்போம். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்த இவருக்கு ஞானவழி காட்டியவர் தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு பெரியார். இலக்கணத்திலே துறைபோனவராதலின் இலக்கணம் இராமசாமி என்று அவரை அழைத்தனர். அருள்பரானந்தர் என்பது ஞானப்பெயர். பொன்னம்பலம் சகோதரர்கள் இவரைக் குருவாகக் கொண்டனர். அருணாசலத்தின் கேம்பிறிட்ஜ் நண்பரும் ஆங்கிலக் கவிஞருமாகிய எட்வேட் காப்பென்ரர் 1890இல் இலங்கைக்கு வந்தபோது இக்குருவைச் சந்தித்து, அவர்பாற் கேட்டவற்றை 1892இல் வெளியிட்ட தம் பயண நூலிலே பல பக்கங்களில் எழுதினார். ஆங்கிலம் அறியாத ஒரு தமிழ்ப் பெரியாரின் பேச்சு இவ்வாறு இங்கிலாந்தின் வாசகரை எட்டியது. இராமநாதனும் சமய நூல் எழுதப் புகுந்தபோது தம் உத்தியோகப் பெயரை விட்டு, குருவின் பெயரிலிருந்தே பரானந்தர் என்னும் பெயரை எடுத்துக்கொண்டார்.

அப்பெயரோடு தொடர்ந்து வந்த நூல்கள் இரண்டு. 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும், 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் ஆங்கிலத்தில் எழுந்த விரிவுரைகள் இலண்டனில் அச்சேறின. அவற்றைப் பதிப்பித்தவர் ஹரிசன் என்னும் அவுஸ்திரேலிய மாது. ஞானம் தேடி இலங்கைக்கு வந்த அவரே பின்னர் லீலாவதி அம்மையார் என்ற பெயருடன் இராமநாதனின் வாழ்க்கைத் துணைவியானார். மத்தேயு உரையின் தலைப்பு, அது பரானந்தரின் இறையனுபவ ஒளியில் விளக்கப்பட்டது என்கிறது. யோவான் உரையின் தலைப்பு, அது ஞானயோகத்தின் ஒளியில் எழுந்தது என்கிறது. நூலின் நெறி முழுவதும் இவ்விரு தலைப்புகளிலேயே அடங்கிவிடுகின்றது.

அந்நெறி யாது? மறைநூலின் சொல்லுக்கு வெளிப்பொருள் ஒன்றும் உட்பொருள் ஒன்றும் உண்டு. வெளிப்பொருளை மொழி கற்றவன் அறிவான். உட்பொருளை அந்த அனுபவத்தைப் பெற்றவனே அறிவான். மாங்கனியின் சுவையை எழுதியவன் எழுதிவிட்டான். தின்றவனுக்கே அந்த எழுத்துப் புரியும். யேசு ஓர் அனுபவத்தை அடைந்து பேசினார். அதே அனுபவத்தை அடைந்தவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருக்கக்கூடும். அவர்களால் அவர் சொல்லை விளக்கவும் கூடும். கிறிஸ்து என்பது மாசு நீங்கிய ஆன்மா அடையும் நிலையின் பெயராகவும் பொருள்படும். இதுவே பரானந்தர் கொள்கையின் சாரம். மாங்கனி உவமை எமது, கருத்து அவருடையது.

சபையோரே, இது நடந்த காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆட்சி ஆங்கிலேயருடையது. ஆட்சியாளரின் சமயம் கிறிஸ்தவம். பாதிரிமார் எமது நூல்களுக்குப் பொருள் சொல்வதே அக்கால வழக்கம். அந்த அரசாங்கத்தின் சட்ட உத்தியோகத்தரான ஒரு சைவர், "உங்கள் வேதத்தின் உட்பொருளை நாம் சொல்லுகின்றோம், கேளுங்கள்" என்று இலண்டன் நகரத்திலே நூல் வெளியிட்டார். இது சிறிய காரியமன்று.

இதனை நாவலர் பெருமானின் வழியோடு ஒப்பிட்டு நோக்கல் தகும். நாவலரும் எம்மைப்போல மிஷன் பாடசாலையிற் கற்றவரே. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவரே. பின்னர்ச் சைவத்தை இகழ்ந்தவர்க்கு விடையாகக் கண்டன நூல்கள் எழுதினார், பாடசாலைகள் நிறுவினார். தாக்கப்பட்ட வீட்டுக்கு மதில் எழுப்புதல் அக்காலத்தின் தேவை. அவர் எழுப்பிய மதிலுக்குள் நின்றதனாலேயே இராமநாதனாற் கதவைத் திறந்து வெளியே போக முடிந்தது. நாவலர் கண்டித்தார், இராமநாதன் உரை கண்டார். இரண்டும் சைவத்துக்குச் செய்த தொண்டே. ஆயினும், கண்டனம் எதிரியை உண்டாக்கும். உரையோ கேட்பவனையும் உண்டாக்கக்கூடும்.

அப்படிக் கேட்க வந்தவர்கள் பலர். அவர்களுள் அலன் பெனற் என்னும் ஆங்கில வாலிபரின் கதை சுவையானது. 1900இல் இலங்கைக்கு வந்த இவர், இராமநாதனின் புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்துகொண்டே அவரிடம் யோகம் பயின்றார். மறுவருடம் அலிஸ்ரர் குரோலி என்னும் எழுத்தாளரும் இங்கு வந்து பெனற்றோடு யோகம் பயின்றார்; பிற்காலத்திலே மந்திர தந்திர நூல்களால் மேல்நாட்டிற் பெயரும் அபகீர்த்தியும் ஒருங்கே பெற்றவர் அவர். பெனற் சென்ற வழி வேறு. அவர் பர்மாவிற் பௌத்த துறவியாகி, ஆனந்த மெத்தேய்ய என்ற பெயரோடு 1908இல் இங்கிலாந்துக்குப் பௌத்த தூது கொண்டு சென்றார். ஒரு சைவப் பெரியாரின் வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டவர் பௌத்தராய்ப் போனார். அனுபவமே பெரிது என்று சொல்பவரின் வீட்டில் இப்படியும் நடக்கும்.

1905-1906இல் இராமநாதன் அமெரிக்காவுக்குச் சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். மேல்நாட்டாரிடையே ஆன்மப் பண்பாடு என்னும் பொருள்பற்றிய நூல் 1906இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. ஹரிசன் அம்மையார் அப்பயணக் கதையைக் கீழ்நாட்டு மாணவர்க்கென எழுதி 1907இல் வெளியிட்டார். மேல்நாட்டார் கீழ்நாட்டைப் பார்க்க வந்து நூலெழுதிய காலத்திலே, கீழ்நாட்டு மாணவர்க்கு மேல்நாட்டைக் காட்டும் நூலொன்று எழுந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆங்கிலத்தில் எழுதியவர் தமிழை மறந்தாரோ எனின், இல்லை. பகவத்கீதைக்குத் தமிழில் விரிவான உரை வகுத்தார். எழுத்தறிவிக்கும் பிள்ளைகளின் நூலாகிய ஆத்திசூடிக்கும் உரை எழுதினார். இறுதிக் காலத்திலே செந்தமிழ் இலக்கணம் என்னும் நூலையும் தந்தார். இலக்கணம் என்ற அடைமொழி பெற்ற குருவின் மாணவர் இலக்கண நூலோடு எழுத்துப் பணியை நிறைவு செய்தது பொருத்தமே. சுவிசேஷமாயினும் ஆத்திசூடியாயினும் அவர் செய்தது ஒன்றே: எளிய சொல்லைத் திறந்து உள்ளே இருக்கும் விளக்கைக் காட்டுதல்.

இதுவரை புகழ்ந்தோம். புகழ்ச்சியோடு நிறுத்தினால் அது விழாப் பேச்சாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது. ஆகவே, எமது மனத்தை உறுத்திய இரண்டு தடைகளையும் சபைமுன் வைக்கின்றோம்.

முதல் தடையை எழுப்பியவர் எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற கிறிஸ்தவ நண்பர். யோவான் உரை எமக்குக் கிடைத்ததே அவருடைய பாட்டனாரின் அலுமாரியிலிருந்துதான். பக்க ஓரமெங்கும் அப்பெரியார் பென்சிலாற் கேள்விக்குறி இட்டிருந்தார். ஆயினும் நூலை எறியவில்லை. மட்டை கழன்றபோது தைத்து வைத்திருந்தார். நாம் அதை வாசித்துவிட்டு உற்சாகத்தோடு, "பார்த்தீரா, உமது யேசுவும் எமது ஞானிகளும் சொன்னது ஒன்றுதான்" என்றோம். நண்பர் அமைதியாக, "உமக்கு அவர் ஞானிகளுள் ஒருவர். எனக்கு அவர் ஒருவரே. அந்த 'ஒருவரே' என்பதை எடுத்துவிட்டால் என் கையில் மிஞ்சுவது என் சமயம் அல்ல, உமது சமயம். மாணிக்கவாசகரைக் கிறிஸ்தவர் என்று நான் சொன்னால் நீர் சம்மதிப்பீரா?" என்று கேட்டார்.

நாம் திகைத்துப் போனோம். ஏனெனில் ஏறக்குறைய அப்படியும் ஒன்று நடந்திருக்கின்றது. போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது 1900ஆம் ஆண்டு. பரானந்தரின் இரு நூல்களுக்கும் சரி நடுவிலே. ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் மணிவாசகரை வாசித்து உருகிய அதே ஆண்டுகளில், ஒரு சைவர் யோவானை வாசித்து உரை வகுத்துக்கொண்டிருந்தார். போப்பையரோ திருவள்ளுவர் கிறிஸ்தவக் கருத்துகளைக் கேட்டிருக்கலாம் என்று முன்னரே எழுதியவர். அதைக் கேட்டு எம்மவர் சினந்தனர். அந்தச் சினம் நியாயமானால் நண்பரின் தயக்கமும் நியாயமே. பிறர் நூலுக்கு உட்பொருள் சொல்லும் உரிமை அனுபவத்தால் வரலாம். ஆயினும் அந்நூலை உயிராகக் கொண்டு வாழ்பவனைக் கேளாமற் பொருள் முற்றுப்பெறாது. பென்சிற் கேள்விக்குறிகளையும் சேர்த்தே அந்த நூலை வாசிக்க வேண்டும் என்பது அன்று யாம் கற்ற பாடம்.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. எல்லா உடம்பிலும் ஒரே ஒளி நிறைந்துள்ளது என்பதே ஞானிகளின் வாக்கு. அதைக் கடல் கடந்து போய் உரைத்தவர் இராமநாதன். ஆனால், 1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்து, ஆண் பெண், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி வயது வந்த எல்லோர்க்கும் வாக்குரிமை அளிக்கலாம் என்று கருதியபோது, அதனை எதிர்த்தவர்களுள் முன்னணியில் நின்றவரும் அவரே. சாதி வழமைகளைக் காக்கவும் அவர் முனைந்தார். தம் எண்பதாம் வயதை நெருங்கிய நிலையிலும் 1930இல் டொனமூர் திட்டத்துக்கு எதிராக இலண்டனிலே விண்ணப்பம் வெளியிட்டார். எல்லோர்க்கும் வாக்குரிமை 1931இல் வந்தே விட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வாலிபர் வேறொரு பக்கத்தில் நின்றனர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த அந்த இயக்கம் தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்றது. 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அவ்வியக்கமே. அதன் தலைவராகிய ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் மிஷன் கல்லூரி ஆசிரியர். ஒளி எல்லோரிடத்தும் உண்டு என்று நூலெழுதியவர் ஒருபுறம். அப்படியானால் அவனும் என் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொன்ன இளைஞர் மறுபுறம். இதைச் சொல்லும்போது எமக்கு நெஞ்சம் வலிக்கின்றது. பெரியோரைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. ஆயினும் வரலாற்றை மூடி வைத்துவிட்டு மாலை சூட்டுதல் பெரியோர்க்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

அப்படியாயின் பரானந்தரை விட்டுவிடுவதா? கூடாது. அவரை அளக்கும் கோலை அவரே எமக்குத் தந்திருக்கின்றார். சொல்லுக்கு உட்பொருள் உண்டு, அதை வாழ்ந்தவனே அறிவான் என்றாரன்றோ? அவர் சொல்லையும் அவ்வாறே வாசிப்போம். எல்லாரிடத்தும் ஒரே ஒளி என்ற வாக்கியத்தின் உட்பொருளை மேடையிலே தேடினால் அகப்படாது. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் பந்தியிலும் வாக்குச் சாவடியிலுமே அது திறக்கும். அவர் எழுதி வைத்ததற்கு உரை காணும் கடமை அவருக்குப் பின் வந்த எம்மீது விழுந்துள்ளது. எழுதியவர் நின்ற இடத்தைத் தாண்டி அவர் எழுத்து நடந்துபோவதும் உண்டு.

அவர் கட்டியவையும் அப்படித்தான் நடந்துபோயின. 1913இல் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது. 1921இல் திருநெல்வேலியிலே பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது. சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலையை நாடாமலே உயர்கல்வி பெறவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பரமேஸ்வரா வளவே 1974இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே எல்லாச் சமயத்தவரும், எல்லாக் குலத்தவரும், மூன்று மொழி பேசுவோரும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்கின்றனர். பரமேஸ்வரன் ஆலய மணி ஒலிக்கும்போது எமது கிறிஸ்தவ நண்பரும் பேச்சை ஒருகணம் நிறுத்துவார். ஏன் என்று நாம் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை.

சபையோரே, முடிவுக்கு வருகின்றோம். "நீ எந்தப் பக்கம்?" என்று கோயில் வீதியிற் கேட்ட பெரியவர் இன்று இல்லை. இருந்திருந்தால் அவர்முன் நின்று, "ஐயா, நான் திருநீறு பூசிய பக்கந்தான். ஆனால் காலையிற் கேட்டதையும் மறக்கவில்லை. அதையும் கேட்டதனாலே தேவாரம் எனக்கு இன்னும் ஆழமாகக் கேட்கிறது" என்று பணிவுடன் சொல்லியிருப்போம். தம் சமயத்தில் வேரூன்றி நின்றுகொண்டே அயலான் நூலை அன்போடு வாசிக்கலாம் என்று எமக்குக் காட்டியவர் பரானந்தர். அயலானை அவன் சொற்படியே கேட்க வேண்டும் என்று காட்டியவர் அந்த நண்பர். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே எம் தலைமுறையின் வேலை.

நண்பர்களே, அந்த நூல்கள் மேல்நாட்டு நூலகங்களிலே இருக்கின்றன. எமது ஊர் அலுமாரிகளில் அருகிவிட்டன. உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஒரு பிரதி அகப்பட்டால் எறிந்துவிடாதீர்கள். கழன்ற மட்டையைத் தைத்து வையுங்கள். எமது சங்கம் அவருடைய தமிழ் உரைகளையேனும் வாசிப்பதற்கு மாதம் ஒருமுறை ஒரு வட்டம் கூட்ட வேண்டுமென்றும், அவ்வட்டத்துக்கு அயற் சமயத்து வாலிபரையும் அழைக்க வேண்டுமென்றும், அழைப்பிலே எவ்வகை வேறுபாடும் இருத்தலாகாதென்றும் விண்ணப்பித்துக்கொண்டு எமது சிற்றுரையை நிறைவு செய்கின்றோம்.